நாய்க்கு சீஸ் கொடுக்கலாமா? எந்த சீஸ், எவ்வளவு, எப்படி: முழுமையான வழிகாட்டி

கொடுக்கலாம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு, மசாலா எதுவும் சேராத சாதா சீஸில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்றிரண்டு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. சாக்லேட் மாதிரியோ திராட்சை மாதிரியோ சீஸ் நாய்க்கு விஷம் கிடையாது. தெரியாமல் ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் பதறிப்போய் வந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமாக இருங்கள்.

ஆனால் எந்த சீஸ், எவ்வளவு, நாயின் உடம்பு எப்படி, இப்போது அதற்கு என்ன மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான்கையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன மருந்து விஷயத்தை நம்மில் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. உண்ணிக் காய்ச்சல் மாத்திரையை சீஸில் பொதிந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது ஏன் கூடாது என்பதை ஆறாவது படியில் எழுதியிருக்கிறேன். நாய் இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

படி 1: பால் ஒத்துக்காத நாய்க்கு சீஸ் மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

பாலில் இருக்கும் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதை உடைத்து ஜீரணிக்க, லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் குட்டிக்கு அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறையும் என்பது நாய்க்கு நாய் மாறும். அதனால்தான் பக்கத்து வீட்டு நாய் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஜம்மென்று இருக்கும், உங்கள் நாய்க்கு அரை டம்ளருக்கே வயிற்றைக் கலக்கும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு கடகடவென்று உருளுவதும், துர்நாற்றமான காற்றும், இளகிய மலமும் இப்படித்தான் வருகின்றன.

சீஸ் செய்யும்போது பால் திரிந்து கட்டி தனியாக, நீர் தனியாகப் பிரிகிறது. லாக்டோஸில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். கட்டியில் மிஞ்சியதை, சீஸ் மாதக்கணக்கில் முதிரும்போது பாக்டீரியாக்கள் தீர்த்துவிடும். 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நன்றாக முதிர்ந்த செடாரிலும் பார்மசானிலும் பெயருக்குத்தான் இருக்கும். பனீர் முதிர வைக்கப்படுவதில்லை என்பதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தயிரிலும் உறையூற்றும் பாக்டீரியா ஒரு பங்கு லாக்டோஸைத் தின்றுவிடுவதால், பால் ஒத்துக்காத பல நாய்கள் தயிர் சாதத்தைச் சிக்கலில்லாமல் சாப்பிடுகின்றன. தாளிக்காத, உப்பில்லாத தயிர் சாதத்தைச் சொல்கிறேன்.

ஆக, லாக்டோஸை மட்டும் பார்த்தால் பாலைவிட சீஸ் நல்லது. தொந்தரவு கொழுப்பிலும் உப்பிலும் இருக்கிறது. செடாரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். நாய் வயிற்றில் நெய் தங்காது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அது பொருந்தாது; தினசரி ஓடி ஆடும் நாய் ஓரளவு கொழுப்பை நன்றாகவே ஜீரணிக்கும். ஆனால் பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் கொழுப்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சொலவடை சரியான எச்சரிக்கை.

படி 2: உங்கள் நாய் சீஸ் சாப்பிடக்கூடிய நாய்தானா என்று பாருங்கள்

முன்பு ஒரு தடவையாவது கணையம் வீங்கி, அதாவது கணைய அழற்சி வந்து, சிகிச்சை எடுத்த நாய்க்கு சீஸே வேண்டாம். துளி கூட வேண்டாம். கொழுப்பு மிகுந்த தீனியால் அது திரும்ப வரலாம், திரும்ப வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மினியேச்சர் ஷ்னாசர் இனத்துக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறும் இயல்பு உண்டு. யார்க்ஷயர் டெரியர், காக்கர் ஸ்பேனியல் இனங்களிலும் கணையத் தொந்தரவு அதிகம் பார்க்கப்படுகிறது. இந்த நாய்களை வளர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீஸ் பக்கம் போக வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு இருக்கும் நாய்க்கு சீஸில் உள்ள பாஸ்பரஸும் உப்பும் சுமை. இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் நாய்க்கு உப்பு ஆகாது. சிறுநீர்ப்பையில் கல் வந்த நாய் என்றால், அது எந்த வகைக் கல், கால்சியம் சேர்ந்த தீனி கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமையை நாம் அடிக்கடி கோட்டை விடுகிறோம். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை உண்டாக்குவதில் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவைதான் முன்னணியில் இருக்கின்றன. இதற்கும் லாக்டோஸுக்கும் சம்பந்தமில்லை, பாலின் புரதம்தான் காரணம். லாக்டோஸ் இல்லாத சீஸ் வாங்கினாலும் இது தீராது. பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, காது திரும்பத் திரும்பப் புண்ணாவது, வருடம் முழுக்க அரிப்பு என்றிருக்கும் நாய்க்குப் பால், தயிர், சீஸ் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொல்லி மருத்துவரே சொல்லக்கூடும். அப்போது ஒரு சின்னத் துண்டு சீஸ் கூட அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும்.

குண்டான நாய்க்கு சீஸைவிடக் கேரட், வெள்ளரிக்காய்த் துண்டு நல்லது. லேப்ரடார் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாய் எப்போதும் பசியோடு இருப்பது போலத் தோன்றுவதற்கு அதன் மரபணுவே காரணமாக இருக்கலாம். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குப் பசியடக்கும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து, இன்னும் பசிக்கிறது போல என்று அளவை மீறிவிடாதீர்கள்.

குட்டிகளுக்குப் பால்குடி மறந்து, வழக்கமான தீனி வயிற்றில் நிலைத்த பிறகு மிகக் கொஞ்சமாகத் தொடங்கலாம். தாயை இழந்த பச்சைக் குட்டிகளுக்குப் பசும்பாலையே உணவாக்குவதும் கூடாது. தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும், லாக்டோஸ் குறைவாக இருக்கும். கடையில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். தெருவில் குட்டி போட்ட நாயைப் பார்த்துப் பால் ஊற்றுபவர்களின் மனது நல்ல மனது. அந்தக் காசுக்கு இரண்டு முட்டை வேகவைத்துச் சாதத்தில் பிசைந்து தாய்க்கு வைத்தால், குட்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பால் தானாகவே போய்ச் சேரும்.

படி 3: எந்த சீஸ் என்று முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால் வீட்டில் செய்த, உப்பில்லாத பனீருக்குத்தான் முதலிடம். கடை பனீரிலும் பொதுவாக உப்பு இருக்காது, ஆனால் கொழுப்பு மிகுந்த பாலில் செய்வார்கள். வீட்டில் செய்தால் கொழுப்பு நம் கையில். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். நாய்க்கு நீலம் போதும். ஒரு லிட்டர் பாலைப் பொங்கும் பதத்துக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். பால் திரிந்து, நீர் இளம்பச்சையாகத் தெளியும்போது நிறுத்திவிடலாம். மெல்லிய துணியில் வடித்து, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். எலுமிச்சைப் புளிப்பும் போகும், மிச்சமிருக்கும் லாக்டோஸும் கொஞ்சம் போகும். பிழிந்து, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு மணி நேரம் விட்டால் 150 கிராம் போலப் பனீர் கிடைக்கும். பட்டாணி அளவுக்கு வெட்டி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, அப்புறம் டப்பாவில் போட்டுக்கொண்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வேண்டும்போது நாலு துண்டு எடுத்தால் போதும். உறைய வைக்காத பனீரை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது சாதா மொசரெல்லா. செடாரைவிடக் கொழுப்பு குறைவு. பீட்சாவுக்கென்று துருவி விற்கும் பாக்கெட்டானால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள், சிலவற்றில் வேறு சுவையூட்டிகளும் இருக்கும். செடார், கவுடா இரண்டும் லாக்டோஸ் பயமில்லாதவை. கொழுப்பு மிகுதி என்பதால் துண்டு இன்னும் சிறியதாக இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது ஸ்லைஸும், தகட்டுத்தாளில் சுற்றிய க்யூபும்தான். இவை ப்ராசஸ்டு சீஸ், அதாவது சீஸை உருக்கி உப்புகள் சேர்த்துத் திரும்ப வார்த்தது. மிருதுவாக உருகுவதற்காகச் சேர்க்கும் பாஸ்பேட், சிட்ரேட் உப்புகளோடு சாதாரண உப்பும் சேர்ந்து, இவற்றில் சோடியம் செடாரைவிட மிகுதியாக இருக்கும். எப்போதாவது ஒரு கிள்ளு கொடுத்தால் பரவாயில்லை, தினசரி வேண்டாம். க்யூபைப் பிரித்ததும் அந்தத் தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவிடுங்கள். சீஸ் வாசனை ஒட்டிய தாளை நாய் அப்படியே விழுங்கும்.

இப்போது கொடுக்கவே கூடாதவை.

பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள் சேர்ந்த எந்த சீஸும் கூடாது. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தின்ற அன்றைக்கு நாய் வாலாட்டிக்கொண்டு திரியும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். கொடைக்கானல், ஆரோவில் பக்கமெல்லாம் அருமையான சீஸ் செய்கிறார்கள். அங்கிருந்து வாங்கி வரும்போது மிளகு, பூண்டு, மூலிகை கலந்த வகைகளை உங்களுக்கு வைத்துக்கொண்டு, சாதா வகையை மட்டும் நாய்க்குக் கிள்ளுங்கள். டப்பாவில் வரும் சீஸ் ஸ்ப்ரெட்களிலும் பூண்டு வகை உண்டு. சீஸ் பால்ஸ், சீஸ் சிப்ஸ் பாக்கெட்டுகளில் சீஸ் என்ற பெயர்தான் பெரிது. மேலே தூவிய பொடியில் பெரும்பாலும் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி இருக்கும். காய வைத்த பொடி பச்சை வெங்காயத்தைவிடக் கடுமை.

பீட்சா துண்டும் இதே கணக்குதான். மேலே உள்ள சீஸை மட்டும் உரித்துக் கொடுத்தேனே என்பார்கள். அதன் அடியில் ஒட்டியிருப்பது பூண்டும் வெங்காயமும் அரைத்த சாஸ். பனீர் டிக்கா, பனீர் பட்டர் மசாலாவைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம், மசாலா உள்ளே இறங்கியிருக்கும்.

ராக்ஃபோர்ட், கோர்கோன்சோலா, ஸ்டில்டன் போன்ற நீலப் பூஞ்சை சீஸ்களில் ராக்ஃபோர்டின் சி என்ற நச்சு இருக்கலாம். அதிகமாகத் தின்ற நாய்க்கு வாந்தி, நடுக்கம், வலிப்புவரை போகும். இதே காரணத்துக்காக, பூஞ்சை பூத்த சாதாரண சீஸையும் பூஞ்சையை மட்டும் சுரண்டிவிட்டு நாய்க்குப் போடாதீர்கள். கெட்டுப்போன பால் பொருட்களில் வளரும் சில பூஞ்சைகளின் நச்சு நரம்பைத் தாக்கி நடுக்கத்தை உண்டாக்கும். வீணாகிறதே என்று நாய்த் தட்டில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நமக்கு ஆகாதது அதற்கும் ஆகாது. குப்பையில் போடும்போதும் நாய்க்கு எட்டாமல் போடுங்கள்.

ஃபெட்டா, ஹலூமி இரண்டும் உப்புத் தண்ணீரில் ஊறியவை. பிரீ, கேமம்பெர்ட், க்ரீம் சீஸ் மூன்றும் கொழுப்பு மிகுந்தவை. இவற்றையும் தவிர்த்துவிடலாம். சீஸ்கேக்கில் திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஸைலிட்டால் எது வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்றுமே நாய்க்கு விஷம்.

படி 4: அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு, நாளொன்றுக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத்தீனி போகக் கூடாது என்பது. அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் பிஸ்கட், முட்டை, நாம் சாப்பிடும்போது போடும் துண்டு எல்லாமே அடங்கும். அதனால் சீஸுக்கு அதில் பாதிதான் ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நாயின் தேவையை ஃபோன் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம். எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்குங்கள். வர்க்கமூலக் குறியை இரண்டு தடவை அழுத்துங்கள். வந்ததை 70-ஆல் பெருக்குங்கள். நாய் சும்மா படுத்திருந்தாலே தேவைப்படும் கலோரி அது. கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கினால் ஒரு நாளின் தேவை கிடைக்கும். 10 கிலோ நாய் என்றால் 10 × 10 × 10 = 1000; ஒரு தடவை அழுத்தினால் 31.6, இன்னொரு தடவை அழுத்தினால் 5.62; 70-ஆல் பெருக்கினால் 394; 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 630 கலோரி. நொறுக்குத்தீனிக்கு 63, அதில் சீஸுக்கு 31.

ஒரு கிராம் செடார் ஏறத்தாழ 4 கலோரி. பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள சதுரத் துண்டு கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கும். ஆக, 10 கிலோ நாய்க்கு அப்படி ஏழெட்டுத் துண்டு அந்த நாளின் உச்ச வரம்பு. 5 கிலோ பொமரேனியனுக்கு நாலைந்து துண்டு. 20 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு 13 துண்டு. 30 கிலோ லேப்ரடாருக்கு 18. இவை மேல் எல்லைகள்தான், தினமும் எட்டிப் பிடிக்க வேண்டிய அளவு இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இதில் பாதிக்கும் கீழே என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. கொடுத்த அன்று வழக்கமான தீனியில் ஒரு கைப்பிடி குறைத்துவிடுங்கள்.

ஒரு ஸ்லைஸ்தானே என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கிராம் ஸ்லைஸில் 60 கலோரி போல இருக்கும். 5 கிலோ நாயின் நாள் தேவை சுமார் 375 கலோரி. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் மனிதர் ஒருவர், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே ஐந்து ஸ்லைஸ் சீஸ் சாப்பிடுவதற்குச் சமம் அது.

படி 5: முதல் தடவை கொடுக்கும்போது

காலையில் கொடுங்கள். ராத்திரி கொடுத்தால், வயிறு கலக்கினாலும் உங்களுக்குத் தெரியாது, நாய்க்கும் வெளியே போக வழியிருக்காது. பட்டாணி அளவு ஒரே ஒரு துண்டு. அன்றும் மறுநாளும் தீனியில் வேறு எந்த மாற்றமும் செய்யாதீர்கள், புது பிஸ்கட்கூட வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் எது ஒத்துக்கவில்லை என்று தெரியாமல் போகும்.

இரண்டு நாள் மலத்தைப் பாருங்கள். கெட்டியாக, தரையில் ஒட்டாமல் எடுக்கும்படி இருந்தால் சரி. இளகினாலோ, சளி மாதிரி படிந்து வந்தாலோ, வயிறு உப்பினாலோ, காதையும் பாதத்தையும் புதிதாகச் சொறிந்தாலோ, உங்கள் நாய்க்கு சீஸ் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள். சீஸ் கிடைக்காததால் எந்த நாய்க்கும் எந்தச் சத்தும் குறைந்துவிடாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் மூன்றாம் நாள் இரண்டு துண்டு கொடுத்துப் பாருங்கள்.

படி 6: மாத்திரையை சீஸில் பொதிவதற்கு முன் மாத்திரையின் பெயரைப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நாய் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். பழுப்பு நிற நாய் உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமிதான் உண்ணிக் காய்ச்சல்களில் முக்கியமான ஒன்று. காய்ச்சல், சாப்பாடு வேண்டாம் என்பது, மூக்கில் ரத்தம், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவது என்று நாயை உருக்குலைத்துவிடும். அதற்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் மருந்து டாக்ஸிசைக்ளின். பெரும்பாலும் 28 நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள்.

டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்து மருந்துகள் குடலில் கால்சியத்தைச் சந்தித்தால் அதோடு கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். டெட்ராசைக்ளின் அளவுக்கு டாக்ஸிசைக்ளின் பாதிக்கப்படாது என்பது உண்மைதான். ஆனாலும் 28 நாளும் வேளை தவறாமல் சீஸிலோ பனீரிலோ பாலிலோ கொடுத்தால், ஒவ்வொரு வேளையும் மருந்தில் ஒரு பகுதி வீணாகிறது. மாத்திரை தவறாமல் உள்ளே போகிறது, ஆனால் உடம்பில் சேர வேண்டிய அளவு சேரவில்லை. கிருமி முழுக்க அழியாமல் தங்கிவிட்டால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் நாள்பட்ட நோயாக மாறக்கூடும். இவ்வளவு பாடுபட்டு மாத்திரை கொடுக்கும் வீட்டில் அந்த இழப்பு வேண்டாம்.

என்ரோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகளும் கால்சியத்தோடு இப்படிக் கட்டிக்கொள்பவை. வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டிய மாத்திரைகளும் உண்டு. அதனால் சீட்டு எழுதும்போதே, பால், தயிர், சீஸோடு கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே பாதி நாள் சீஸில் கொடுத்துவிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தவோ அளவைக் கூட்டவோ வேண்டாம். மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் முடிவு செய்வார்.

சரி, சீஸுக்குப் பதில் என்ன? டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் போட்டால் பல நாய்கள் வாந்தி எடுக்கும், அதனால் கொஞ்சம் உணவு வேண்டும். வேகவைத்த கோழி ஈரல் துண்டைக் கீறி உள்ளே செருகலாம். வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உருட்டலாம். சைவ வீடுகளில் இட்லி கைகொடுக்கும்: ஆறிய இட்லியில் ஒரு விள்ளல் எடுத்து, உள்ளங்கையில் அழுத்தித் தட்டையாக்கி, நடுவில் மாத்திரை வைத்து உருட்டினால் ஒட்டிக்கொண்டு பிரியாது. சட்னி, சாம்பார் வேண்டாம். மாத்திரை போனதும் தண்ணீரோ இன்னொரு கவளமோ உள்ளே போக வேண்டும். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடம் புண்ணாகும்.

பூச்சி மாத்திரை மாதிரி எப்போதோ ஒரு வேளை கொடுப்பதற்கு, மருத்துவர் சரி என்றால், சீஸ் அருமையான மறைவிடம். மூன்று உருண்டை தயார் செய்யுங்கள். முதல் உருண்டை வெறும் சீஸ். இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை அதன் கண்ணெதிரே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுங்கள். அடுத்தது வருகிறது என்ற ஆசையில் கடித்துப் பார்க்காமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட கையால் வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். கசப்பு ஒட்டினால் நாய்க்கு மூக்கே சொல்லிவிடும், அப்புறம் எந்த உருண்டையையும் நம்பாது.

படி 7: பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்

சீஸைச் சும்மா கொடுப்பதைவிடப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது. பட்டாசுச் சத்தத்தில் வெடவெடக்கும் நாய், நகம் வெட்ட விடாத நாய், கூப்பிட்டால் வராமல் தெருமுனையில் நிற்கும் நாய் எல்லாவற்றுக்கும் பிஸ்கட்டைவிட சீஸ் வேகமாக வேலை செய்யும். ஒரு சென்டிமீட்டர் துண்டைக் குளிரவைத்து எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் அரை கலோரிதான். நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் கணக்கு, துண்டு பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. தோள் பையில் மதிய வெயிலில் சீஸை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். அரை மணிக்குள் முடித்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படி 8: யாக் சீஸ் கட்டை வாங்குகிறீர்களா?

செல்லப்பிராணிக் கடைகளில் மரத்துண்டு மாதிரி தொங்கும் அந்தக் கட்டை, நேபாளத்திலும் இமயமலைப் பகுதிகளிலும் மக்கள் வாயில் போட்டு மெல்லும் சுர்பி. கொழுப்பெடுத்த பாலைத் திரித்து, பிழிந்து, வாரக்கணக்கில் உலர்த்திச் செய்வது. கொழுப்பு, லாக்டோஸ் இரண்டும் குறைவு. அந்த வகையில் நல்ல பண்டம்தான்.

பயம் பல்லுக்கு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாத அளவுக்குக் கடினமாக இருந்தால் மேல்தாடைக் கடைவாய்ப் பல் பிளந்துபோகலாம், அதைச் சரிசெய்ய மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சைதான். கடிக்கிறேன் பேர்வழி என்று முழுபலத்தையும் காட்டும் நாய்க்கு இது வேண்டாம். நக்கி, ஊறவைத்து, சுரண்டித் தின்னும் நாய்க்கு ஒத்துவரும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஒரே வாயில் விழுங்கும் அளவுக்குச் சிறுத்ததும் பிடுங்கிவிடுங்கள், தொண்டையில் அடைக்கும். அந்தக் கடைசித் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் அரை நிமிடம் போல வைத்தால் பொரி மாதிரி உப்பிவிடும். நன்றாக ஆறவிட்டுக் கொடுக்கலாம்.

படி 9: அளவுக்கு மீறித் தின்றுவிட்டால்

மேஜையில் வைத்த சீஸ் கட்டி முழுக்கக் காணோம், நாய் வாயை நக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் என்ன சீஸ், எவ்வளவு, தாளோடு விழுங்கியதா என்று பாருங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே உப்பு மிகுந்த தீனியைத் தின்ற நாய்க்கு அந்த உப்பே நஞ்சாகும். நம் வீட்டுப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், பேதி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சாதா சீஸ்தான், நாய் உற்சாகமாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்த வேளை தீனியைக் குறையுங்கள். லேசாக வயிறு இளகினால் ஒன்றிரண்டு நாளுக்கு, குழைய வடித்த சாதத்தில் தோலில்லாத வேகவைத்த கோழியைப் பிசைந்து, உப்பில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுங்கள்.

கணையம் வீங்கினால் சில மணி நேரத்திலும் தெரியலாம், மூன்று நாள் வரையிலும் ஆகலாம். அதனால் முதல் நாள் நன்றாக இருந்ததை வைத்துக் கவனத்தை விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காதது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது ஆகியவை வயிற்று வலியின் அடையாளங்கள். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பசை போல ஒட்டினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது, வெளுத்திருந்தால் அதைவிட அவசரம். மலத்தில் ரத்தம், நடுக்கம், வலிப்பு, ஒரு நாளுக்கு மேல் நிற்காத பேதி, இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். குட்டிக்கும் வயதான நாய்க்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பூண்டு, வெங்காயம், திராட்சை, சாக்லேட், ஸைலிட்டால், பூஞ்சை இவற்றில் ஒன்று கூடச் சேர்ந்திருந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில், ராத்திரியிலும் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். கிளம்பும்போது சீஸ் வந்த உறையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், கிழிந்திருந்தாலும் சரி. தின்ற நேரம், மீதமிருக்கும் அளவு, நாயின் எடை, இப்போது சாப்பிடும் மருந்துகள் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மருத்துவர் கேட்கும்போது தடுமாற வேண்டியிருக்காது. வாந்தியையும் மலத்தையும் துடைத்துவிடுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.